கழிப்பறைக்குக் காட்டிய கற்பூர ஆரத்தி

பெங்களூரு பீன்யாவில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் அன்னதானம் உண்டு. சாம்பார் வாளி என் கையில் இருக்கும். ஊரைவிட்டு வந்து ரூம் எடுத்துத் தங்கி, பேக்டரி வேலை பார்க்கிறவர்கள்தான் பந்தியில் அதிகம். இந்தக் கோடையில் போர்வெல் வற்றிப்போனது. தண்ணீர்ச் செலவு குறையாவிட்டால் அன்னதானத்தை நிறுத்திவிடுவோம் என்று கோயில் கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார்.

அப்போது ஒரு புண்ணியவான் வந்தார். குழாய்ச் சாமான் வியாபாரி. கோயில் கழிப்பறைக்குப் புது மாதிரித் தொட்டி தருகிறேன் என்றார். கக்கூஸுக்குப் பின்னால் தொட்டி, தொட்டி மேலேயே கை கழுவும் பேசின். கையை நீட்டினால் குழாய் தானாகத் திறக்கும். கழுவிய தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கையை எடுத்ததும் கக்கூஸை அலசிவிடும். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால், சாப்பிட்டவர்களும் இனி அங்கேயே கை கழுவட்டும் என்றார் பாருங்கள். தலைவரும் பந்தி நடக்கும் மண்டபத்துக் குழாய்களை அன்றே மூடிவிட்டார்.

திறப்பு விழாவன்று தொட்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அம்மன் கழுத்தில் இருந்ததைவிட அது நீளம். தொட்டியின் நெற்றியில் ‘உபயம்’ என்று அவர் பெயர். உட்காருகிறவர்கள் கண்ணில் படாதே என்று அவருக்கு வருத்தம். கதவின் உள்பக்கமும் ஒன்று எழுதச் சொன்னார்.

பூசாரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உள்ள வாங்க சாமி. புதுசுதானே, இன்னும் யாரும் உக்காரல,” என்றார் உபயதாரர்.

பூசாரி காலை வெளியே வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் கற்பூரத் தட்டைச் சுற்றினார். குழாய் திறந்துகொண்டது. கற்பூரம் அணைந்தது. பதறித் தட்டை இழுத்தார். கீழே தண்ணீர் கடகடவென்று ஓடியது.

“ஆரத்திய ஏத்துக்கிச்சு,” என்றாள் பூக்காரி. நான் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை.

அப்புறம் பந்தி. உபயதாரருக்கு முதல் இலை. எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள், ஒருவரும் எழவில்லை.

“அம்மன் சோறு துன்ன கைய அங்கயா கொண்டு போறது?” என்றார் வெல்டிங் வேலை செய்கிற ஒருவர்.

“மேல இருக்கற டேங்க்லேர்ந்து நேரா வர்ற சுத்தமான தண்ணிப்பா,” என்றார் உபயதாரர்.

“அப்ப நீங்க மொதல்ல போங்க சார். உங்க உபயம்தானே. பின்னாடியே நாங்க வர்றோம்.”

எழுந்தார். கழிப்பறை வாசல்வரை கம்பீரமாகத்தான் நடந்தார். அங்கே கொஞ்சம் நின்றார். பிறகு திரும்பி நேரே தன் காருக்குப் போனார். டிரைவர் பாட்டில் தண்ணீரைத் திறந்து ஊற்ற, தெருவோரம் கை கழுவி, வாயும் கொப்பளித்தார்.

பந்தி முழுக்கச் சாம்பார்க் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாளியோடு அவரிடம் போனேன்.

“அண்ணே, தண்ணி இல்லன்னு அன்னதானத்த நிறுத்தப் போறாங்க. உங்க பாட்டில் எத்தினி பேருக்குக் காணும்?”

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். போனை எடுத்துத் தண்ணீர் டேங்கர் லாரிக்குச் சொன்னார்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் அவர் லாரி வருகிறது. அதன் இரண்டு பக்கமும் உபயம், பெரிய எழுத்தில். மண்டபத்துக் குழாய்களை மறுபடி திறந்துவிட்டார்கள், அன்னதானம் நிற்கவில்லை. கழிப்பறைக்குப் போனால் நானும் அந்தத் தொட்டி மேலேதான் கை கழுவுகிறேன். அந்த வேலைக்கு அது சரி. அவரும் வந்து சாப்பிடுகிறார். அவர் எழுந்ததும் பந்தியே கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது. மண்டபத்துக் குழாய்ப் பக்கம்தான் நடக்கிறார்.