வெள்ளைக் கவுனில் ஒரு பொட்டு

வெள்ளைக் கவுனின் கழுத்தோரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்த கை சட்டென நின்றது. ஊசி விரலில் ஏறி, துணியில் ஒரு பொட்டு ரத்தம் பட்டுவிட்டது. தையல்காரர் பழக்கதோஷத்தில் நூலை வாயில் நனைத்து அதை ஒற்றி எடுத்தார். தன் ரத்தக்கறை தன் எச்சிலில்தான் போகும் என்பது தையல்காரர்களின் நம்பிக்கை.

பட்டன்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்த ஏழு வயது மகள் பார்த்துவிட்டாள்.

“உங்க ரத்தத்துல எச்.ஐ.வி. கிருமி இருக்குன்னு நேத்து சொன்னீங்களேப்பா. அது கவுனுக்குள்ள போயிடுச்சா?”

“இல்ல கண்ணு. துணியில இருந்து யாருக்கும் வராது.”

“அப்புறம் ஏன் என்னை ரத்தத்தைத் தொடாதேன்னீங்க?”

“உன் கையில காயம் இருந்தா அது வழியா...”

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எச்சில்?”

“எச்சில்ல வராது. கட்டிப்பிடிச்சாலும் வராது. மாத்திரை வேற தினம் போடறேன்ல.”

“வராததுக்கு எதுக்கு மாத்திரை?”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விளக்கிச் சொன்னபோது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. இந்தக் குட்டி வக்கீலிடம் மாட்டியதும் அவருக்கே தலை சுற்றியது. இனிமேல் மடியில் வந்து உட்காரமாட்டாளோ என்பதுதான் அவருடைய பயம்.

கவுன் வாங்கப் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து நின்றாள்.

“இரு, நான் போட்டுப் பாத்துட்டுத் தரேன்,” என்றாள் மகள். சட்டைக்கு மேலேயே கவுனை மாட்டிக்கொண்டு, அப்பாவின் மடியில் ஏறிச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். நம்பிவிட்டாளா, சோதித்துப் பார்க்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பிறகு அதைக் கழற்றி, சுருக்கம் நீவி, தோழியிடம் நீட்டினாள்.