நாற்பத்தெட்டுத் தனிக்கட்டைகள்

அலுவலகத்தில் அவருக்கு 'அத்தாட்சி' என்று பட்டப்பெயர். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் கையெழுத்து கேட்பார் என்பது அவர்களுடைய கேலி. கணினி அறையின் குளிர்சாதனத்தைப் பழுதுபார்க்க வந்தவர். கையேடுகளை அச்செடுத்து, வரிவரியாகப் படித்து, பதினோரு ஆண்டுகளில் அங்குள்ள கிளஸ்டர் என்னும் கணினிக் கூட்டத்துக்கே லைப்ரரி கட்டித் தருபவரானார். நாற்பத்தெட்டுக் கணினிகள் ஒரு பெரிய கணக்கைப் பங்கு போட்டுக்கொண்டு செய்ய வேண்டுமானால், அவை தமக்குள் பேசிக்கொள்ள லைப்ரரி என்னும் பொது நிரல்தொகுப்பு வேண்டும். அதன் மூலநிரலைத் தொகுத்து, எல்லாக் கணினிகளிலும் நிறுவுவது அவர் வேலை. பட்டம் கிடையாது. அதை யாரும் அவரை மறக்கவிட்டதும் கிடையாது.

புதிய லைப்ரரியை நிறுவிய சில நாளில், வெள்ள முன்கணிப்பு செய்யும் பெண் ஆய்வாளரின் கணக்கு மக்கர் செய்தது. ஐந்து மணி நேரத்தில் முடிய வேண்டியது ஒரு வாரமாகியும் முடியவில்லை. தலைவரிடமிருந்து குறிப்பாணை வந்தது: 'முறையான பயிற்சியற்றவரின் பிழை.' நிறுவும் உரிமை புது இன்ஜினியரிடம் போயிற்று. வியாழக்கிழமைக்குள் தம் லைப்ரரியில் தவறில்லை என்று காட்டாவிட்டால், அவர் மறுபடியும் குளிர்சாதனத்துக்கே போக வேண்டும்.

இன்ஜினியர் மீதுதான் அவருக்குச் சந்தேகம். வந்த நாள் முதல் 'அண்ணே, அண்ணே' என்று குழைந்தவன். அவர் தட்டச்சிய கட்டளைகளையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டவன். எதற்காக?

வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பினார்.

"தட்டை மடியிலயா வச்சுக்கறது?" என்றாள் மனைவி.

"எவனோ உள்ளே கை வச்சிருக்கான்."

"மீட்டர் பார்க்க வந்தவரையும் இப்படித்தான் சொன்னீங்க."

"அவர் விஷயத்துல நான் இன்னும் முடிவுக்கு வரலை."

நிறுவியதும் தாமே ஓட்டிப் பார்த்த சோதனையின் தாள்களில் குறையில்லை. 'நாற்பத்தெட்டில் நான் ஏழாவது', 'நாற்பத்தெட்டில் நான் எட்டாவது' என்று கணினிகள் வரிசையாகப் பதில் சொல்லியிருந்தன. அடுத்து, ஆய்வாளரின் கணக்கு விட்டுச்சென்ற பதிவை எடுத்தார். ஒரே வரி நாற்பத்தெட்டு முறை இருந்தது: 'ஒன்றில் நான் முதலாவது.'

அவர் பேனா நின்றது. கூடி உழைக்க வேண்டியவை, பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை என்று நினைத்து, ஒவ்வொன்றும் முழுக் கணக்கையும் தனியாகவே செய்துகொண்டிருந்தன. ஒரு லைப்ரரியைக் கொண்டு கட்டிய நிரலை இன்னொரு லைப்ரரியோடு வரும் துவக்கி நிரலால் ஓட்டினால் இப்படி ஆகும். அந்த இன்னொரு துவக்கியை உள்ளே கொண்டுவந்தது யார்?

உரிமை பறிபோனதால் இன்ஜினியரிடமே போய்க் கேட்க வேண்டியதாயிற்று. அந்தத் துவக்கியைத் தேடித் தரும்படி கோரிக்கையை எழுத்தில் நீட்டினார்.

"வாயால கேட்டா பத்தாதாண்ணே?"

"நாளைக்கு நான் கேட்கவே இல்லைன்னு நீ சொல்லிட்டா?"

சிரித்துக்கொண்டே தேடியவன், சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். "துவக்கி ஆய்வாளர் மேடத்தோட சொந்த ஃபோல்டர்ல இருக்குண்ணே. பழைய ஆபீஸ்லேர்ந்து கொண்டு வந்தது போல. அவங்க லாகின்ல நுழைஞ்சா கம்ப்யூட்டர் இதைத்தான் முதல்ல எடுக்கும்." தேதி, லைப்ரரியை நிறுவியதற்கு மறுநாள்.

"நீ வைக்கலையே?"

"அண்ணே!"

வியாழனன்று தலைவர் மேசையில் அந்த விவரத்தை அச்செடுத்த தாளை வைத்தார். உடனிருந்த ஆய்வாளர் அது என்னவென்று கேட்கவில்லை. குனிந்து பார்க்கவும் இல்லை. "சும்மா ஒப்பிட்டுப் பார்க்கப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன்" என்றார். எப்போது ஞாபகம் வந்தது என்ற கேள்வி அத்தாட்சியின் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"நீங்களும் உங்க லாகின்ல மட்டும்தானே சோதிச்சீங்க?" என்றார் தலைவர்.

"ஆமா சார். அது என் குறை. அதையும் எழுதுங்க."

"எழுதறதா? உரிமையைத் திருப்பித் தந்துடறேன். அந்தக் குறிப்பாணையை யார் படிக்கப் போறாங்க, விடுங்க."

"நான் படிச்சேனே, சார்."

குறிப்பாணையை ரத்துசெய்யும் கடிதத்தை இன்ஜினியர் தட்டச்சு செய்து கொண்டுவந்தான். 'லைப்ரரியில் பிழை இல்லை எனத் தெரிகிறது' என்றிருந்தது. அத்தாட்சி கடைசி இரண்டு சொற்களை அடித்துவிட்டு நீட்டினார். தலைவர் பெருமூச்சுவிட்டுக் கையெழுத்திட்டார்.

பிறகு ஆய்வாளர் கணக்கை மீண்டும் தொடங்க உட்கார்ந்தார். அத்தாட்சி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இனிமே இப்படிப் பின்னாலயேதான் நிப்பீங்களா?"

"நீங்க அடிங்கம்மா, பார்த்துக்கிட்டிருக்கேன்."