கட்டத்துக்குள் சாய்ந்த எழுத்து

எங்கள் சித்தூர் கிறிஸ்தவ சபையில் தமிழ்ப் பாட்டுகளைத் தெலுங்கு எழுத்தில் அச்சடித்துத்தான் பாடுவோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. பாட்டு வரிக்கு மேலே, எந்த அசைக்கு எந்த கார்டு, அதாவது எந்தச் சுரக்கூட்டு, என்று ஆங்கில எழுத்து நிற்கும். என் தங்கை அதைப் பார்த்துத்தான் கீபோர்டு வாசிப்பாள். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறினால் கார்டு நகர்ந்து பக்கத்து அசைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். திருப்பதியில் ப்ரோக்ராம் எழுதிப் பிழைக்கிற எனக்கு, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் தருகிற மோனோஸ்பேஸ் ஃபான்ட் தினமும் பார்ப்பது. எங்கள் பாட்டுத்தாளுக்கும் அப்படி ஒன்றை நானே வரைந்தேன்.

கார்டுகள் பாட்டு வரியோடு கலந்துவிடாமல் இருக்க அவற்றுக்கு மட்டும் தடித்த சாய்வெழுத்து. நான் வரைந்தது நேர் எழுத்தை மட்டும்தான். தடிப்பையும் சாய்வையும் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டது. ஒரு ஞாயிறு, ஆங்கில ‘சி’யின் (C) திறந்த வாய் அடைபட்டு அப்படியே ‘ஜி’யாக (G) தெரிந்தது. தங்கை நம்பி வாசித்தாள். சபை பாட்டை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது.

பாடகர் குழுவை நடத்துகிற அப்பா, வீடு வந்ததும் ஆரம்பித்தார். “வர்ற வாரமும் இப்டி ஆச்சுன்னா பென் டிரைவுல ரெடிமேட் மியூசிக் டிராக்கு போட்டுக்கலாம். நீ கோரஸ்ல போய் நின்னுக்கோ.”

“பேப்பரப் பாத்துக்கினுதான் நைனா வாசிச்சேன்.”

“பாத்துக்கினு வாசிச்சா எப்டி தப்பும்?”

அவள் அழவில்லை, கீபோர்டுக்கு உறை போட்டு மூடினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் எழுத்துக்காக இவள் கீபோர்டை விடுவதா?

“தப்பு என் எழுத்துல நைனா. நானாச்சு, விடு” என்றேன்.

அந்த வாரம் வேலை முடிந்து திரும்பும் ரயிலில், வழியில் பாகாலா ஜங்ஷனில் வண்டி நின்ற நேரத்திலும் லேப்டாப்பை மூடவில்லை. தடித்தால் எழுத்து கொழுக்கும், ஆனால் கட்டம் கொழுக்காது. சதையை உள்பக்கம் ஏற்றினால் வாய் அடைக்கும். சாய்த்தால் தலை பக்கத்துக் கட்டத்தில் இடிக்கும். ‘சி’யின் இரு முனைகளையும் மெலியச் சீவி வாயை அகலத் திறந்தேன். ‘ஜி’யின் குறுக்குக் கோட்டை உள்ளே நீட்டி, கீழே ஒரு கால் வைத்தேன். சாய்வைக் கொஞ்சம் குறைத்தேன். அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, தங்கையை அவள் மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதிர்ச்சுவரோரம் நிறுத்தினேன்.

“இது இன்னா?”

“சி மாதிரி கீது.”

“மாதிரின்னா வேணாம்.” கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தேன்.

சனிக்கிழமை மாலை அவளே கத்தினாள். “சி-தான்க்கா! சி-யேதான்! என் உசுரத் துன்னாத!”

ஞாயிறு காலை அப்பா ஸ்பீக்கரில் பென் டிரைவைச் செருகிவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். அதே பாட்டு, அதே இடம் வந்தது. தங்கை தாளை ஒரு பார்வை பார்த்தாள், விரலை வைத்தாள். சரியான கார்டு விழுந்தது. யாரும் திரும்பவில்லை, எல்லோரும் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் அப்பா பென் டிரைவைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

“இதுல கீற டிராக்கெல்லாம் அழிச்சிட்டு உன் எழுத்தப் போட்டுக் குடு. அடுத்த வாரப் பாட்டு உன் தங்கச்சி டைப் பண்ணிக்கட்டும்.”