ஆறு அறைகளில் ஒன்று

அமெரிக்காவின் மிசௌரி மலைப்பக்கத்தில், கருமருந்து என்னும் பழைய கால வெடிமருந்து போட்டு ரிவால்வர் சுடுகிறவர்கள் கூடும் மைதானத்தில், ஓர்வல் டீகிற்குத் தனி மரியாதை உண்டு. பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. ஊரார் துப்பாக்கிகளைச் சந்தேகப்படுவது அவன் சுபாவம். ஒரு பெட்டி நிறைய எஃகுக் கம்பிகள் வைத்திருந்தான், ஒன்றைவிட ஒன்று மயிரிழை தடிமன். ரிவால்வரின் உருளையைக் கழற்றிக் கொடுத்தால், கரி போகக் கழுவி, குண்டு போடும் ஆறு அறைகளிலும் கம்பியை விட்டுப் பார்த்து அளவு சொல்வான். அவன் சொன்னால் சொன்னதுதான். மறுபடி அளந்து பார்த்தவர் யாருமில்லை.

இத்தனை இருந்தும் இலையுதிர்காலப் போட்டியில் அவன் என்றைக்கும் இரண்டாவது. முதல் பரிசான புகையூட்டிய பன்றித்தொடையை லைமன் ஹாக்கெட் தோளில் போட்டுக்கொண்டு போவான். லைமன் தீவனக் கடைக்காரன். பித்தளைச் சட்டம் போட்ட மலிவு ரிவால்வர் வைத்திருந்தான், அதையும் ஒழுங்காகத் துடைப்பது கிடையாது. ஓர்வலோ தன் ஆறு அறைகளையும் குழலின் அளவுக்கு ஏற்றபடி கடைந்து, இழைத்து, எண்ணெய் போட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருந்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவனுக்கு வாய்த்த துப்பாக்கி அப்படி என்று வீட்டில் புலம்புவான்.

"போன வருஷம் காத்து சரியில்லன்னீங்க, அதுக்கு முந்தி வெடிமருந்து," என்றாள் மனைவி நாடீன், சோளரொட்டியை வெட்டிக்கொண்டே. "அவன் உங்களவிட நல்லா சுடுறான்னு ஒரு தடவ சொல்லித்தான் பாருங்களேன். நாக்கா வெந்துரும்?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையைச் சொந்தப் பெண்டாட்டியே சொன்னால் எப்படி இருக்கும்! ஓர்வல் அன்று பீன்ஸைத் தொடவில்லை.

வசந்தம் பிறந்ததும் லைமன் தன் உருளையைக் கொண்டுவந்து நீட்டினான். சில சுற்றில் எல்லாக் குண்டும் ஒழுங்காக விழுகிறதாம், சில சுற்றில் ஒன்று மட்டும் எங்கேயோ ஓடிவிடுகிறதாம். சொல்லிவிட்டுக் காப்பியோடு உட்கார்ந்துவிட்டான்.

ஓர்வல் அளந்தான். ஐந்து அறைகள் கம்பியை விழுங்கின. ஒன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த அறை குண்டின் ஈயத்தை அதிகமாகச் சீவிவிடும். மெலிந்த குண்டு குழலுக்குள் பிடிப்பில்லாமல் தள்ளாடிக்கொண்டு போகும். இதற்கு வைத்தியமும் சுலபம். பாதுகாப்புக்காக எல்லோரும் ஐந்து அறைகளில்தான் குண்டு போடுவார்கள், ஒன்றைக் காலியாக விட்டு அதன்மேல் துப்பாக்கியின் சுத்தியலை இறக்கி வைப்பார்கள். லைமன் கைக்கு வந்த அறையைக் காலியாக விட்டுக்கொண்டிருந்தான். இந்தச் சின்ன அறைக்கு ஒரு கீறல் போட்டு, எப்போதும் இதையே காலியாக விட்டால் போதும்.

இந்தக் கோளாறோடே என்னை ஜெயிக்கிறானே, இதுவும் சரியானால்? ஓர்வலின் நெஞ்சு கசந்தது.

"ஆறும் ஒரே அளவுதான்," என்றான். "கண்ண டாக்டர்கிட்ட காட்டு."

அந்தக் கோடை முழுவதும் லைமன் மைதானத்துப் பக்கம் வரவில்லை. போட்டி நாளன்று வந்தான், பெயர் கொடுக்க அல்ல. துணியில் சுற்றிய ரிவால்வரை ஓர்வலின் மேசைமேல் வைத்தான்.

"கண்ணுல ஒரு குறையுமில்லங்குறார் டாக்டர். அப்ப கைதான் போயிருச்சு. உன் அளவு தப்பாதே. இத நீயே வச்சுக்க, உன்னளவுக்கு யாரு பாத்துக்குவா?"

டாக்டர் பேச்சை நம்பிய பிறகும் இவன் தன் கையைத்தான் சந்தேகப்படுகிறான், என்னை அல்ல. ஓர்வலுக்கு முகம் பற்றி எரிந்தது. பன்றித்தொடை எதிரே கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. லைமன் சுடாவிட்டால் அது ஓர்வலுக்குத்தான்.

"ஒரு அறை சின்னது," என்றான் தலை நிமிராமல். "அன்னிக்கே தெரியும்."

லைமன் துணியைப் பிரித்து உருளையைக் கழற்றினான்.

"எந்த அறை?"

ஓர்வல் தொட்டுக் காட்டினான். லைமன் மேசையிலிருந்த அரத்தை எடுத்து அங்கே ஒரு கீறல் போட்டான், பெயர் கொடுக்கப் போய்விட்டான். அன்று அவன் குண்டு ஒன்றுகூட விலகவில்லை.

திட்டியிருந்தால் தேவலை. லைமன் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊர் இன்றும் ஓர்வலிடம்தான் உருளையைக் கொண்டுவருகிறது. பன்றித்தொடை போனதைவிட அதுதான் ஓர்வலின் வயிற்றை அதிகமாக எரிக்கிறது. பெருந்தன்மையிலும் லைமன்தான் முதல்.