காமாட்சி திருத்தச் சொன்ன அறிக்கை

செய்தி வந்தபோது கமுந்திங்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்று, தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அங்கிள், அம்மா காலையில போயிட்டாங்க" என்றாள் காமாட்சியின் மகள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன். போனை வைத்துவிட்டு அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். சமையல்கார அம்மாள், நான் ஏதோ பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்துபோய்த் தேநீர் கலக்கிக் கொடுத்தார்.

காமாட்சியை அறிந்தவர்கள் பேராக் முழுக்க இருக்கிறீர்கள். பராமரிப்பு இல்லங்களைச் சோதிக்கும் அதிகாரியாக அவர் ஏறி இறங்காத படி கிடையாது. உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். நான் அதே வேலையில் அவருடைய எதிர் மேசைக்காரன், தினமும் வாங்கியவன்.

இந்த வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்று பலர் கேட்பார்கள். தாதிமையிலோ சமூகப் பணியிலோ படிப்பு, நோயாளிகளையும் வயதானவர்களையும் பார்த்துக்கொண்ட அனுபவம், சட்டவிதிகளில் பழக்கம், மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுதும் திறமை, கார் ஓட்ட உரிமம். நான் ஈப்போவில் அரசாங்கக் குமாஸ்தா வீட்டுப் பிள்ளை. பட்டம், விதிகள், முத்துமுத்தான கையெழுத்து எல்லாம் என்னிடம் இருந்தன. காமாட்சி சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் மகள். தாதியாகப் பல வருடம் வார்டில் நின்றவர். பிள்ளை பெற்ற பிறகு மாலை வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கினார். அவருடைய ஆங்கில அறிக்கைகளை நான்தான் திருத்துவேன். "கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் நீங்களே போட்டுக்குங்க அண்ணே. எனக்கு ஆளுங்களைப் பாக்கவே நேரம் பத்தல லா" என்பார். கார் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. உரிமம் இருந்தது, அவ்வளவுதான்.

பல வருடங்களுக்கு முன், செமோரில் ஒரு சிறிய இல்லம். பன்னிரண்டு பேர், எல்லோரும் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்கள். நான் தனியாகச் சோதனைக்குப் போயிருந்தேன். தலைவாரிப் பவுடர் போட்டு, கூடத்தில் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "நல்லா இருக்குங்க ஐயா" என்றார்கள் அத்தனை பேரும். மனம் குளிர்ந்துபோய் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.

நகலைப் படித்த காமாட்சி நிமிர்ந்தார். "பன்னெண்டு பேர்ல ஒருத்தர் கூட குறை சொல்லலையா அண்ணே?"

"இல்லையே."

"முதுகு வலிக்குது, பக்கத்துக் கட்டில் ஆளு குறட்டை விடுறான், ஒண்ணும் இல்லையா? அப்ப நீங்க ஹோமுக்குப் போகல. பெரட்டுக்குப் போயிருக்கீங்க."

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது. அந்த வரிசையில் நின்று தோட்டத் துரையிடமோ கணக்கெழுதும் கிராணியிடமோ யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கையில் கோப்பும் காலில் பளபளக்கும் சப்பாத்துமாக நான் போய் நின்றால், அவர்களுக்கு நானும் ஒரு கிராணிதான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கோப்பைக் காரிலேயே வைத்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எந்தத் தோட்டம் தாத்தா? எத்தனாவது லயம்?" என்று ஆரம்பித்தார். லயம் என்கிற அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில் தொடங்கி, அரை மணி நேரம் ஊர்க்கதைதான். பிறகு முனியாண்டி என்ற பெரியவரிடம், "கொஞ்சம் திரும்பிப் படுங்க, முதுகைப் பாத்துடுறேன்" என்றார். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண், ஆழமாக. முந்தைய நாள் எனக்காக அதன்மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார் அந்த மனிதர்.

"ஏன் ஐயா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா இதை மூடிருவீங்க. நாங்க எங்க போறது?"

காமாட்சி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். இல்லத்தை நடத்துகிற அம்மாளைத் தனியே கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். பிறகு அந்த அம்மாளின் கையையே பிடித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று செய்து காட்டினார்.

என் அறிக்கையோ மேசை தாண்டிப் போய்விட்டது. அந்த மாதம் என் பதவி உயர்வு பேச்சில் இருந்தது. "நீங்களே உங்க பேர்ல ஒண்ணு எழுதிடுங்களேன்" என்றேன், வெட்கமில்லாமல்.

"நான் எழுதினா அது உங்க மேல புகாரு. நீங்க எழுதினா அது திருத்தம். நீங்களே எழுதுங்க அண்ணே."

அலுவலகத்தில், மதியத்துக்கு வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தார். பசித்தால் சிடுசிடுவென்று விழுகிற மனுஷி அவர். மூன்று மணிக்கு எழுத ஆரம்பித்தேன். 'நேற்றைய என் அறிக்கை தவறு' என்ற முதல் வரியை எழுதியதும்தான் பொட்டலத்தைப் பிரித்தார். இல்லத்தை மூடக் கூடாது, குறைகளைச் சரிசெய்ய அவகாசம் தர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார். அவகாசம் கிடைத்தது. வாரா வாரம் அவரே போய்ப் பார்த்தார். முனியாண்டி புண் ஆறி, அதே கட்டிலுக்குத் திரும்பினார். பதவி உயர்வு எனக்கு வரவில்லை. அதற்காகக் காமாட்சிதான் என்னைவிட அதிகம் கோபப்பட்டார்.

போன மாதம் அவரை மருத்துவமனையில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். "அன்னைக்கு நீங்க வராம இருந்தா அந்த மனுஷன் போயிருப்பாரு காமாட்சி" என்றேன். பல வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

"புண்ணைப் பாக்கிறது நர்ஸ் வேலைண்ணே, யாரும் பாக்கலாம். தப்புன்னு உங்க கைப்பட எழுதினீங்க பாருங்க. எனக்கு அது வந்திருக்குமான்னு தெரியல."

நான் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் என்னை மதித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. போர்வையைச் சரிசெய்வதுபோல நின்றேன்.

காமாட்சியின் இடத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். நேர்முகத் தேர்வில் என்னையும் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். படிப்பு, அனுபவம், உரிமம் எல்லாவற்றையும் மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நான் ஒன்றுதான் கேட்பேன்: "நீங்கள் எழுதியது தவறென்று எப்போதாவது நீங்களே எழுதியிருக்கிறீர்களா?" அவர் எனக்கு விட்டுப்போனது இந்தக் கேள்விதான். பதில் சொல்லத் தயங்கி, முகம் சிவந்து, தலைகுனிந்தபடி 'ஆமாம்' என்கிற ஒருவர் வந்தால், அவருக்கு என் எதிர் மேசையைக் கொடுப்பேன்.