விரலுக்கு வராத பேச்சு

தெமெனுகா அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் ஊர் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் தொலைபேசி இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதும், மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்யும் அறிக்கைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்ய எங்கள் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே நானும் ரோசிட்சாவும் இருந்தோம்.

விசைப்பலகையில் அவர் எங்களைவிட வேகம். திரைதான் அவர் மேசையில் சும்மா நின்றது. ரோசிட்சாவின் திரை பழுதானபோது அவரிடம் கேட்டுவிட்டு அவருடையதைக் கழற்றிக்கொண்டோம். "எடுத்துக்கோங்க, பூச்சட்டி வைக்க இடமாச்சு" என்றார்.

கணினியில் வருவதை ஒரு இயந்திரக் குரல் அவருக்கு வாசித்துச் சொல்லும். அதற்காக நாள் முழுக்க ஹெட்போன். நாங்கள் காலை வணக்கம் சொன்னால் பதில் வராது. கொஞ்ச நாளில் சொல்வதையே விட்டோம். மதியம் நாங்கள் கான்டீனுக்குப் போய்விடுவோம்; அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பனித்ஸாவை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அப்பத்தை, தனியாக உட்கார்ந்து தின்பார். கூப்பிட வேண்டுமானால் தோளைத் தொட வேண்டும். அதற்குக் கூச்சம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

பார்வையற்றோர் சங்கத்துக்கு எழுதி, ஒன்றரை வருடம் காத்திருந்து, அக்கா ஒரு பிரெய்ல் பட்டை வாங்கினார். விசைப்பலகைக்கு முன்னால் வைப்பது. கணினி சொல்வதெல்லாம் அதில் புள்ளிகளாக எழும்பும். விரலால் தடவிப் படிக்கலாம். மருத்துவர் பேச்சுக்கு ஒரு காதில் மட்டும் சின்னதாக ஒன்றைச் செருகிக்கொண்டார்.

"இந்தக் காது இனிமே உங்களுக்குத்தான். பேசுங்க" என்றார்.

நாங்கள் தலையாட்டினோம். அது அவருக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஆனால் அறையில் பேச்சு ஏது? நானும் ரோசிட்சாவும் எப்போதோ மருத்துவமனைக் கணினியில் இருக்கும் அரட்டைப் பெட்டிக்கு மாறியிருந்தோம். நான் தட்டுவேன், அவள் படிப்பாள். ஒரு வாரம் அக்கா எங்கள் தட்டலையும் சிரிப்பையும் காதில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"கமென், இப்ப என்ன எழுதி அனுப்பின?"

"ஒண்ணுமில்லக்கா, வேலை விஷயம்."

"வேலை விஷயத்துக்கா ரோசிட்சா மூக்கால சிரிக்கிறா?"

அன்று எழுதியது தலைமை மருத்துவரின் தலைச்சாயத்தைப் பற்றி. அக்காவைப் பற்றி இல்லை. எல்லா நாளும் அப்படித்தான் என்று என்னால் சொல்ல முடியாது.

"என்னையும் சேர்த்துக்கோங்க" என்றார். சேர்த்தோம். முதல் சில நாள் அளந்து அளந்து எழுதினோம். அவர் எழுதும் கேலி எங்கள் இருவருடையதையும்விட நன்றாக இருந்தது. பிறகு ரோசிட்சா வழக்கம்போல வேடிக்கைப் படங்கள் அனுப்பினாள். அக்காவின் விரலுக்கு 'படம்' என்ற ஒரு சொல் மட்டும் வரும். என்ன படம் என்று கேட்பார். இரண்டு தடவை விளக்கினாள். மூன்றாவது தடவை, "அப்புறம் சொல்றேங்க்கா" என்றாள். அந்த மாதக் கடைசியில் எங்கள் இருவருக்கு மட்டும் தனியாக இன்னொரு அரட்டைப் பெட்டி திறந்தோம். திறந்தது நான்தான்.

நாங்கள் சிரிக்கும்போது அக்காவின் விரல்கள் பட்டைமேல் ஒருமுறை ஓடி நிற்கும். அங்கே ஒன்றும் எழும்பியிருக்காது. கொஞ்ச நாளில் அவர் நோயாளிகளின் பெயர் பதியும் ஜன்னலுக்கு மாற்றம் கேட்டு எழுதிக்கொடுத்தார். கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து அந்த ஜன்னல் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்தது.

"பேர் சொல்லுங்க."

சொன்னேன். விரல்கள் பாதியில் நின்றன.

"உடம்புக்கு என்ன, கமென்?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"ஒரு நாளைக்கு நூறு பேர் இங்க வந்து வாயைத் திறந்து பேசறாங்கப்பா. நல்லாத்தான் இருக்கேன்." விரல்களை மறுபடி விசைகள்மேல் வைத்து, "பின்னாடி ஆள் நிக்குது, தள்ளிக்கோ" என்றார்.

தள்ளி நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி குனிந்து தன் பெயரைச் சொன்னார்.