இரண்டு பொட்டலம்

என் மேசை இழுப்பறையில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள் சருகாகிக் கிடக்கின்றன. கட்டிக் கொடுத்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் நான் காஞ்சிபுரத்தில் இயற்பியல் கற்பித்த கல்லூரியின் ஆய்வகப் பணியாளர். என் வயதுதான் அவருக்கும். முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். கரும்பலகையைத் துடைக்கும் முன் அதை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுவார்.

ஒருநாள், எலக்ட்ரான் எங்கே அகப்படும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதன் அலையின் உயரத்தை வர்க்கப்படுத்தினால் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் கிடைக்கும் என எழுதியிருந்தேன். மாணவர்கள் கலையுமுன் அவர் கேட்டார்:

"கோயில்ல செவப்புப் பூ ஒண்ணு, வெள்ளப் பூ ஒண்ணு கட்டிப் போட்டு எடுக்கறோம். உள்ள என்னான்னு நமக்குத்தான் தெரியாது, கட்டினவருக்குத் தெரியும். இங்க கட்டினவரே இல்லன்றீங்க. அலையும் கணக்குத் தப்பாம போய்க்கினு இருக்குது. நடுவுல எங்க சார் பூ கட்டிப் பாக்கறாங்க? அதுவும் ஏன் வர்க்கம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "சோதனையில அப்படித்தான் வருது. நீ போய் பேட்டரியைப் பாருப்பா" என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள். வெட்கமில்லாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அவரிடம் அதே கேள்வியை, பூப் பொட்டலம் உட்பட, அப்படியே ஒப்பித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரிய பெரிய ஆளுங்களே தடுமாறுற இடம் இது. உங்களுக்கா தோணிச்சு?"

"ஆமா சார்" என்றேன்.

பக்கத்தில் எங்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தவர் அந்தப் பணியாளர்தான். டம்ளரை என்முன் வைத்து, "சக்கரை போதுமா சார்?" என்றார். அதன்பிறகு அவர் என்னிடம் எந்தச் சந்தேகமும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியால் எனக்குச் சென்னையில் ஆராய்ச்சி இடம் கிடைத்தது. புறப்பட்ட அன்று அவர் பேருந்து நிலையத்துக்கு வந்து இரண்டு பொட்டலங்களை நீட்டினார். "வெள்ள வந்தா நல்லபடியா நடக்கும். ஒண்ணு எடுங்க சார்." எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. மற்றதையும் என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். வாலாஜாபாத்தில் வண்டி நின்றபோது சும்மா இருக்காமல் அதையும் பிரித்தேன். அதுவும் வெள்ளை.

வர்க்கம் ஏன் என்பதற்குப் பிற்பாடு பல நிரூபணங்களைப் படித்தேன். நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே உள்ளே வைத்துக் கட்டியவையாகவே எனக்குப் பட்டன. என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவருடைய கேள்வி இருக்கிறது. அவர் பெயர் எங்கும் இல்லை.

பூக்கள் இப்போது பழுப்பேறிவிட்டன. இரண்டும் வெள்ளை என்று எனக்குத் தெரியும். அன்று வாலாஜாபாத்தில், எதிர்ப்பக்கம், காஞ்சிபுரம் போகும் பேருந்து ஆள் ஏற்றிக்கொண்டிருந்ததும் தெரியும். நான் இறங்கவில்லை.